புதுப்பிப்பு: டேபிள் சா வாங்கிவிட்டேன்

கையிலிருக்கும் தொகைக்குள் புதிய சிறிய டேபிள் சா (மேசையின் நடுவே வட்டப் பிளேடு சுழலும் மரம் அறுக்கும் இயந்திரம்) வாங்குவதா, வார்ப்பிரும்பு மேசை கொண்ட பழைய கனமான ஒன்றைத் தேடிப் பிடிப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. புதியதையே வாங்கினேன்: 10 அங்குல பிளேடு, மடக்குக் கால்கள்.

முடிவைத் தீர்மானித்தது ரிவிங் நைஃப்தான். நான் பார்த்த பழைய இயந்திரத்தில் அது இல்லை. புதிதாகப் பொருத்தவும் வழியில்லை. பிளேடின் பின்னால், அதனுடனேயே ஏறி இறங்கும் அந்த மெல்லிய தகடு, அறுபட்ட மரம் மீண்டும் நெருங்கிப் பிளேடைக் கவ்வாமல் தடுக்கிறது. பிளேடின் பின்புறப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அவற்றில் சிக்கும் மரம் அறுப்பவரை நோக்கித்தான் பாயும். விலை குறைகிறது என்பதற்காக இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான வழிகாட்டிச் சட்டம், முன்முனை பின்முனை இரண்டிலும் பல்சக்கரத்தில் நகர்வதால் பிளேடுக்கு இணையாகவே நிற்கிறது. இதைச் சிலர் அழுத்திச் சொல்லியிருந்தீர்கள், முழுக்கச் சரி.

சத்தம் அதிகம், காதுக் கவசம் கட்டாயம். பழைய இயந்திரங்களின் இண்டக்‌ஷன் மோட்டார் இவ்வளவு இரைவதில்லை. பெரிய பலகைக்கு மேசை போதவில்லை. பின்பக்கம் ஒரு தாங்கி செய்துகொண்டிருக்கிறேன்.

மிச்சமான தொகையில் இழைப்போக்கில் அறுக்க 24 பல் பிளேடு வாங்கினேன். இயந்திரத்துடன் வந்த பிளேடு கெட்டி மரத்தில் கருகல் தடம் விட்டது. இதில் அது இல்லை, என்ன சுத்தமான வெட்டு!

டேடோ (பலகையில் வெட்டும் அகலமான பள்ளம்) பற்றிக் கேட்டவருக்கு: இதன் பிளேடு அச்சு குட்டை, அதற்கான, பல பிளேடுகள் சேர்ந்த அடுக்கு ஏறாது. பள்ளங்களை ரௌட்டரில்தான் (மரத்தைக் குடையும் மின்கருவி) எடுக்கப்போகிறேன்.