செஞ்சிக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள் கோனார்கள்தாமா?

மலைவழி:
செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனையே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அவன் ஆண்ட காலம் மிகக் குறுகியது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையுடன் நடந்த போரில் அவன் மாண்டான். அவனுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, அந்த வட்டாரத்தில் ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த கோனார் குடியினர் மலைமேல் முதல் அரணை எழுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. இச்செய்திக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? இன்று நாம் காணும் கோட்டையில் அவர்களுடைய பங்கு எவ்வளவு? இவ்வளவு பெரிய கோட்டை ஏன் கைவிடப்பட்டது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுவடிப்பித்தன்:
கோனார் மரபைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தொகுத்த சுவடிகளின் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. மேற்குக் குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆனந்தக் கோனுக்குப் புதையல் கிடைத்தது என்றும், அதைக் கொண்டு அவர் ஆட்களைத் திரட்டி, 1200ஐ ஒட்டிய காலத்தில், அதுவரை கமலகிரி எனப்பட்ட அம்மலையில் அரண் கட்டி ஆனந்தகிரி என்று பெயரிட்டார் என்றும் அம்மரபு கூறுகிறது. அதுவே இன்றைய ராஜகிரி. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றை அரண்செய்ததால் அது கிருஷ்ணகிரி ஆயிற்று. கோனேரிக் கோன், கோவிந்தக் கோன், புலியக் கோன் என்று வரிசை தொடர்கிறது. புதையல் கதையை நான் நம்பவில்லை. ஊருக்கு ஊர் தலையெடுத்த குடித்தலைவர்களுக்கெல்லாம் யாராவது ஒரு புதையலைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆயினும் சோழப் பேரரசு தளர்ந்துவந்த காலத்தில் உள்ளூர்த் தலைவர் ஒருவர் குன்றைப் பிடித்து அரண்செய்திருப்பார் என்பதில் வியப்பில்லை. மேய்ச்சல் தொழிலில் இருந்தவர்களுக்கு எந்தச் சரிவில் ஏறலாம், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடமாக இருந்திருக்கும்.

கல்தச்சன்:
மேலே நண்பர் கூறியதை மறுக்கவில்லை. ஆனால் இன்று கண்ணுக்குத் தெரியும் கட்டடங்களைக் கோனார் கணக்கில் எழுதுவது பொருந்தாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் மதில் சிறு குடித்தலைவர் ஒருவரின் வசதிக்கு உட்பட்ட வேலையே அன்று. கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் ஆகியவை விஜயநகரத்தின் கீழ் எழுந்து பின்னர் தனித்து ஆண்ட நாயக்கர்களின் காலத்தோடு தொடர்புடையவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த பிமெண்டா என்னும் இயேசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில் உள்ள எந்த நகரத்தையும்விட இது பெரியது என்ற கருத்தில் எழுதிவைத்திருக்கிறார். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படையும், 1677இல் சிவாஜியும் இதைக் கைப்பற்றினார்கள். சிவாஜி புதிய மதில்களும் அகழிகளும் கொத்தளங்களும் அமைத்ததை அக்காலத்து இயேசு சபைக் கடிதங்கள் கூறுகின்றன. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்தபடிதான் முகலாயரின் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கினார். முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1698இல் கோட்டையைப் பிடிப்பதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

கோனார்களின் பங்கு எங்கே என்று கேட்டால், இடத்தேர்வில் என்பேன். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்பாக, சுமார் 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட பிளவு ஒன்று பாறையை இரண்டாக அறுத்துச் செல்கிறது. மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அக்கரையில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பிளவை யாரும் வெட்டவில்லை. அதன் பயனைக் கண்டுகொண்டவர்கள்தாம் முக்கியமானவர்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் இராணுவ நிலக்காட்சிகளுள் ஒன்றாகச் செஞ்சியையும் சேர்த்தது. மராட்டியர் இங்கிருந்தது ஏறத்தாழ 20 ஆண்டுகளே என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஆற்காட்டான்:
கைவிடப்பட்டதற்கு எந்தத் தோல்வியையும்விட ஆட்சியின் இடமாற்றமே பெரிய காரணம். முகலாயர் காலத்திலேயே தலைமையிடம் ஆற்காட்டுக்கு நகர்ந்துவிட்டதால், செஞ்சி தலைநகர் என்ற நிலையை இழந்து காவற்படை தங்கும் இடமாகச் சுருங்கியது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது, மலையடிவாரத்துக் காற்றும் நீரும் ஒத்துக்கொள்ளாது என்ற அவப்பெயர் ஊருக்கு நெடுநாள் இருந்தது. 1750 செப்டம்பரில் ஒரே இரவில் அதைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், புதுச்சேரி வீழ்ந்த 1761இலேயே ஆங்கிலேயரிடம் அதையும் இழந்தார்கள். 1780இல் ஹைதர் அலியின் படை வந்தபோது பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. மைசூர்ப் போர்கள் முடிந்தபின், உள்நாட்டில் இத்தகைய மலைக்கோட்டைக்குக் காவல் வைத்துச் செலவழிக்க ஆங்கிலேயருக்குக் காரணம் இல்லாமற்போயிற்று.

ஆனால் படைகள்தாம் அதைக் கைவிட்டன என்று திருத்திச் சொல்ல வேண்டும். ராஜகிரியில் உள்ள கமலக்கண்ணி அம்மனுக்குச் சுற்றுவட்டார மக்கள் இன்றும் திருவிழா நடத்துகிறார்கள். மலையின் பழைய பெயரான கமலகிரியோடு அந்த அம்மன் பெயரையும் சேர்த்துப் பார்த்தால், கோனார்களுக்கும் முந்திய வழிபாடாக அது இருக்கலாம் என்பது என் ஊகம்.