மறு: டர்ன்பேக் தடத்துக்குத் தமிழ்ச்சொல்: ‘மீள்தடம்’ சரிவருமா?

வணக்கம்.

ஒரு பக்கமாக வந்த ரயில் எதிர்ப்பக்கமாகக் கிளம்புகிற டர்ன்பேக் தடத்துக்கு நீங்கள் தந்த ‘திருப்புத்தடம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தடத்தில் ரயில் திரும்புவதே இல்லை. வண்டி அப்படியே நிற்கும். ஓட்டுநர்தான் இறங்கி மறுமுனைக்கு நடப்பார்; வால் தலையாகிவிடும். கிணற்றில் நீர் இறைக்கும் கமலை மாடு உடம்பைத் திருப்பாமலே பின்னால் நடந்து மேடேறுமே, கிட்டத்தட்ட அப்படி.

நிஜமாகவே வண்டி திரும்புகிற இடங்களும் உண்டு. லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் தடத்தில் சேரிங் கிராஸ் வழியாக வந்து கென்னிங்டனில் முடியும் வண்டிகள், 1926இல் அமைத்த வளையச் சுரங்கத்தைச் சுற்றி வடக்கு நோக்கிய நடைமேடைக்கு வந்துவிடும். நியூயார்க் சுரங்க ரயிலின் சவுத் ஃபெர்ரி நிலையத்திலும் 1905இலிருந்து ஒரு வளையம் இருந்தது. ஆனால் அந்த வளைவில் பத்துப் பெட்டி வண்டியின் முதல் ஐந்து பெட்டிகளுக்குத்தான் நடைமேடை. கடைசியில் 2009இல் முழு வண்டியும் நிற்கும்படி இரண்டு தடங்களோடு புது நிலையம் கட்டினார்கள். அங்கே தடம் முட்டுச்சந்து மாதிரி முடியும். வந்த வழியேதான் போக வேண்டும். ‘திருப்புத்தடம்’ வளையங்களுக்கே இருக்கட்டும். மற்றதற்கு ‘மீள்தடம்’ என்கிறேன்.

அதோடு விட முடியாது. தடம் மாறுவது நிலையத்துக்கு முன்பா, பின்பா என்பதைச் சொல் காட்டியே ஆக வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி விடலாம் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முன்பு என்றால், நடைமேடைக்கு முன்னால் கத்தரிக்கோல் போல இரண்டு தடங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். வருகிற வண்டியும் புறப்படுகிற வண்டியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஒன்று போகும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். அந்தக் கத்தரியை நடைமேடைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாலே சில வினாடிகள் மிச்சம். பின்பு என்றால், பயணிகளை இறக்கிவிட்டு வண்டி காலியாக நிலையத்தைத் தாண்டிப் போய், முனை மாறி, புறப்பாட்டு நடைமேடைக்கு வரும். ஒரு வண்டி இன்னொன்றை மறிப்பது இல்லை. ஆனால் பெட்டிக்குள் யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று பார்க்க நேரமாகும், நிலையத்துக்கு அப்பாலும் இடம் வேண்டும். ஓட்டுநர் நடக்கிற நேரத்தைக்கூட மிச்சப்படுத்தலாம்: முந்தைய வண்டியில் வந்தவர் மறுமுனையில் தயாராக நின்றால் போதும்.

ஆகவே முன்மீள்வு, பின்மீள்வு. குறுக்கே வெட்டும் தடத்துக்குக் கத்தரித்தடம். வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுகிற பாயிண்ட்டுக்குப் புதுச்சொல் வேண்டாம்; தடத்தில் வேலை செய்கிறவர்கள் வாயில் அதுதான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. பாதி வழியில் மீள்கிற வண்டிகளுக்காக இரண்டு பிரதான தடங்களுக்கு நடுவே ஒரு தடம் போடுவார்களே, அதை ‘நடு மீள்தடம்’ என்று வைத்திருக்கிறேன். ‘இடைத்தடம்’ என்று நேற்று ஒருவர் எழுதினார். சின்னச் சொல்தான், ஆனால் வண்டி அங்கிருந்து மீள்கிறது என்பது அதில் வரவில்லை. உங்களுக்கு எது படுகிறது?