விளம்பரம் இல்லாத வானொலியில் யாருக்கு எவ்வளவு சம்பளம்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நியூஜெர்சியிலிருந்து (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் பகுதியில் உள்ள பொது வானொலி நிலையம் ஒன்று நிதி திரட்டும் வாரங்களில் தொலைபேசி எடுக்க ஆள் கேட்கும். நான் போவேன். "மாதம் 10 டாலர் கொடுங்கள், இந்த நிகழ்ச்சி உங்களால்தான் நடக்கிறது" என்று தொகுப்பாளர் சொல்லிக்கொண்டிருப்பார். கூப்பிடுகிறவர்களின் விவரத்தை நாங்கள் குறித்துக்கொள்வோம்.

ஒரு முறை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். பணம் கொடுக்கும் முன் அவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்: "உங்கள் தலைவருக்கு வருடச் சம்பளம் எவ்வளவு?" என் முன்னால் இருந்த தாளில் அதற்குப் பதில் இல்லை. பக்கத்தில் இருந்த ஊழியரைக் கேட்டேன். "990-இல் இருக்கும், பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். அப்படியே சொன்னேன். அந்த அம்மா, படித்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று வைத்துவிட்டார். அன்றிரவு நானும் தேடிப் படித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் லாப நோக்கமற்ற அமைப்புகள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் படிவம் 990 கொடுக்க வேண்டும். யார் கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஏழாம் பகுதிக்குப் போங்கள். தலைமை நிர்வாகி, இயக்குநர்கள், அப்புறம் 1 லட்சம் டாலருக்கு மேல் வாங்குபவர்களில் முதல் ஐந்து பேர் பெயரோடு இருப்பார்கள். பெரிய தொகை வாங்குபவர்களுக்கு அட்டவணை ஜெ என்று தனியாக ஒன்று உண்டு. அடிப்படைச் சம்பளம், போனஸ், பின்னால் கிடைக்கப்போகும் தொகை எல்லாம் அதில் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்.

எங்கள் நிலையத்தின் பட்டியலில் தலைவரின் தொகை பெரிதுதான். அதைவிட என்னை யோசிக்க வைத்தது அடுத்த வரி. நன்கொடை திரட்டும் பிரிவின் தலைவர், நாங்கள் தினமும் காலையில் கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரரைவிட அதிகம் வாங்குகிறார். கேட்பவர்கள் அந்தக் குரலுக்காகப் பணம் கொடுக்கிறார்கள். நிலையமோ அந்தப் பணத்தைக் கொண்டுவருபவருக்கு அதிகம் கொடுக்கிறது. இதற்கு நியாயம் இருக்கலாம், ஆனால் அதை வானொலியில் ஒருவரும் சொல்வதில்லை.

தேசிய அளவில் என்பிஆர் என்ற அமெரிக்கப் பொது வானொலி அமைப்பை எடுத்துக்கொண்டால், 2010-களின் நடுவில் ஸ்டீவ் இன்ஸ்கீப், ராபர்ட் சீகல் போன்ற முன்னணித் தொகுப்பாளர்கள் ஆண்டுக்கு 4 லட்சம் டாலரை ஒட்டி வாங்கினார்கள். தனியார் தொலைக்காட்சியின் பெரிய முகங்களோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. மாதம் 10 டாலர் கொடுக்கும் ஓய்வூதியக்காரருக்கு அது பெரிய தொகை. இரண்டும் உண்மை.

உங்கள் ஊர் நிலையத்தில் நீங்கள் பார்த்தது என்ன?

செயின்ட் பாலிலிருந்து:

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் பில் கிளிங் பெயர் வராமல் முடியாது. மினசோட்டா பொது வானொலியை 1967-இல் தொடங்கி வளர்த்தவர். வானொலி நிகழ்ச்சி ஒன்றின் ரசிகர்களுக்குச் சின்னச் சின்னப் பொருள்களை விற்கத் தொடங்கி, அது ரிவர்டவுன் டிரேடிங் என்ற, வானொலியோடு இணைந்த, லாபம் ஈட்டும் பெரிய தபால்வழி விற்பனை நிறுவனமாக ஆனது. 1998-இல் அதை டேட்டன் ஹட்சன் என்ற பெரிய கடைத்தொடர் நிறுவனம் 12 கோடி டாலருக்கு வாங்கியது. கிளிங்குக்கு அதில் கிடைத்தது சுமார் 26 லட்சம் டாலர்.

நான் இங்கே குடிவந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைச் சொன்னார். வருடங்கள் கழித்தும் அவருக்குக் கோபம் அடங்கவில்லை. என் கருத்து வேறு. விற்ற பணத்தின் பெரும்பகுதி வானொலியின் நிரந்தர நிதிக்குப் போனது. மாநிலம் முழுக்க இன்று நல்ல வானொலி கேட்கிறது என்றால் அதற்கு அந்த மனிதர் முக்கியக் காரணம். ஆனால் லாபம் ஈட்டும் துணை நிறுவனம் வழியாகச் சம்பளம் போனால் கேட்பவர்களுக்கு அது எளிதில் தெரியாது. பெரியவரின் கோபத்தில் அந்தப் பகுதியை நான் முழுக்க ஏற்கிறேன்.

பெயர் வேண்டாம்:

நான் ஒரு நிலையத்தில் தற்காலிகத் தயாரிப்பாளராக இருந்தேன். விடியற்காலைப் பணி, ஒப்பந்தம் சில மாதங்களுக்கு மட்டும், விடுப்புக்குப் பணம் கிடையாது. நேர்காணலுக்கு ஆள் பிடிப்பது, கேள்வி எழுதுவது, ஒலியை வெட்டி ஒட்டுவது எல்லாம் என் வேலை. இழையைத் தொடங்கிய அக்கா சொன்ன 990-இல் என் பெயர் எந்தக் காலத்திலும் வராது. மேலே இருப்பவர்களைத்தான் அது காட்டும்.

இது ஒரு நிலையத்தின் கதை மட்டும் இல்லை. என்பிஆரின் தொழிற்சங்கத்துக்கு உட்பட்ட செய்தி ஊழியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தற்காலிகப் பணியாளர் என்று 2018-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. 2023-இல் அங்கே ஆட்குறைப்பு வந்தபோது பத்தில் ஒருவர் வெளியேற வேண்டியிருந்தது. 2025-இல் நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரையும் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்படி வெட்டு வரும்போதெல்லாம் முதலில் போவது எங்களைப் போன்றவர்கள். நிதி திரட்டும் வாரத்தில் கூப்பிடும் நண்பர்களே, தலைவரின் சம்பளத்தைக் கேளுங்கள். கூடவே, எத்தனை பேர் தற்காலிகமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

லண்டனிலிருந்து:

இங்கே தொலைக்காட்சி பார்க்க உரிமக் கட்டணம் கட்டுவதால் பிபிசியின் கணக்கு எல்லோருடைய வீட்டுப் பேச்சு. 2017 ஜூலையில் 1,50,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் 96 பேரின் பெயரை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். வானொலி 4-இன் காலை நிகழ்ச்சியில் ஜான் ஹம்ஃப்ரிஸ் 6 லட்சத்துக்கு மேல், அதே நிகழ்ச்சியில் மிஷால் ஹுசைன் 2 முதல் 2.5 லட்சத்துக்குள். ஹம்ஃப்ரிஸுக்கு வேறு வேலையும் இருந்தது உண்மை, ஆனாலும் இவ்வளவு இடைவெளியா?

அன்று என் அலுவலகத்தில் பெண்கள் யாரும் வேறு எதையும் பேசவில்லை. என்னோடு வேலை செய்த ஒருவர் அந்த வாரமே மேலாளரிடம் போய், தன் இடத்தில் உள்ள ஆணின் சம்பளத்தைக் கேட்டார். பிபிசியின் சீனச் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பாசிரியராக இருந்த கேரி கிரேசி, ஆண்களைவிடக் குறைவான சம்பளத்தைக் கண்டித்து 2018 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். பிபிசி பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பாக்கிப் பணத்தையும் கொடுத்தது. பட்டியல் வெளிவராமல் இருந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

ஜெர்சி சிட்டியிலிருந்து:

எங்கள் ஊர் வானொலி டபிள்யூஎஃப்எம்யூ பக்கம் வந்து பாருங்கள். அங்கே பாட்டுப் போடும் டிஜேக்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. பணம் தரும் நிறுவனங்களின் பெயரைச் சொல்லும் அறிவிப்புகூடக் கிடையாது. நேயர்கள் கொடுப்பதில்தான் ஓடுகிறது. நன்கொடை கொடுக்க மனசு வரும் இடம். ஆனால் வாடகைக்கு வழியில்லாதவர் அந்த இருக்கையில் எவ்வளவு காலம் உட்கார முடியும் என்று கேட்டுக்கொள்வேன்.

கோவையிலிருந்து:

நம் ஊர்ச் சமுதாய வானொலியில் நிலவரம் இன்னும் கீழே. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் தொடங்கியதிலிருந்து நிறைய வந்துவிட்டன. நான் இருந்த இடத்தில் நிலையப் பொறுப்பாளருக்கு மட்டும் மாதச் சம்பளம். கிராமத்திலிருந்து வந்து நிகழ்ச்சி செய்யும் பெண்களுக்குப் பேருந்துக் காசும் கொஞ்சம் மதிப்பூதியமும். 2023-இல் அரசு விளம்பரக் கட்டணத்தை 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆக உயர்த்தினார்கள். மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்றும் சொன்னார்கள். விளம்பரம் வந்தால்தானே? எங்களுக்கு வந்தது சொற்பம். அதில் மின்கட்டணம் போக மிஞ்சியதைத்தான் அந்தப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம்.