பிச்சிர் வளர்ப்பவர்கள் தொட்டி மூடியைக் கவனியுங்கள்

செனகல் பிச்சிர் என்ற மீன் என் தொட்டிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்தபோது விரல் நீளம்தான். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இறகு போல ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பூஞ்சை பிடித்திருக்கிறது என்று மருந்து ஊற்றப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் விசாரித்தேன். அவை வெளிச்செவுள்கள். குஞ்சுப் பருவத்தில் இருக்கும், வளர வளரச் சுருங்கி மறைந்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடைகளில் இதை 'டைனோசர் விலாங்கு' என்று விற்கிறார்கள். விலாங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வைரம் போன்ற கெட்டிச் செதில், முதுகில் தனித்தனியாக நிற்கும் சிறு துடுப்புகள் (என்னுடையதற்கு ஒன்பது), வயிற்றுப் பக்கம் ஒரு ஜோடி நுரையீரல். வலது நுரையீரல் இடதைவிட நீளம். தரையில் கிடக்கும் மீன் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு அப்படியே கீழே இறங்கும். இறங்கும்போது செவுள் ஓரத்தில் இரண்டு குமிழி வெளியே வரும்.

ஒரு நாள் தண்ணீர் மாற்றும்போது தொட்டியில் பாதிதான் இருந்தது. அது ஒரு கல்மேல் ஏறி, உச்சந்தலை மட்டும் வெளியே தெரியும்படி அசையாமல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கண்களுக்குப் பின்னால், தலையின் மேல்பக்கம், இரண்டு சின்னஞ்சிறு மூடிகள் திறந்து மூடின. வாயைத் திறக்காமலே அந்தத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்தது! பிச்சிர்கள் இப்படி மூச்சு வாங்குவதை 2014-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு அருகில் பார்த்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அப்புறம் அந்த விபத்து. ஃபில்டர் குழாய்க்காக மூடியில் விட்டிருந்த இடைவெளி வழியாக ஒரு இரவு வெளியேறிவிட்டது. காலையில் அலமாரிக்குப் பின்னால், உடம்பெல்லாம் தூசி ஒட்டிக் கிடந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். தொட்டதும் வால் அசைந்தது. மெதுவாகக் கழுவித் தொட்டியில் விட்டேன், இரண்டு நாளில் சாப்பிட ஆரம்பித்தது. அன்றே அந்த இடைவெளியைப் பஞ்சு வைத்து அடைத்தேன். ஆனால் மூடிவரை தண்ணீர் நிரப்பாதீர்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும், அந்தக் காற்றும் கதகதப்பாக இருக்க வேண்டும்.

* * *

நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி அண்ணா. என்னிடம் இருப்பது கயிற்று மீன், பிச்சிர் குடும்பம்தான். இதற்கு வயிற்றுத் துடுப்பு கிடையாது, உடம்பு பாம்பு மாதிரி. தலை நுழைந்தால் போதும், மிச்ச உடம்பும் போய்விடும். ஒன்றை அப்படித்தான் இழந்தேன். கண்பார்வை மந்தம், மண்புழு மூக்கை உரசிப் போனாலும் உடனே பிடிக்காது. மோப்பம் பிடித்துத் தேடி வருவதற்குள் மற்ற மீன்கள் தின்றுவிடும். அதனால் விளக்கணைத்த பிறகு தனியாகப் போடுகிறேன்.

* * *

நான் ஆப்பிரிக்க நுரையீரல் மீன் வளர்க்கிறேன். பிச்சிராவது மற்ற மீன்களோடு இருக்கும், இது கடித்துத் துண்டாக்கிவிடும். தனித் தொட்டிதான். இதன் செவுள் மிகச் சிறியது, மேலே வந்து காற்று வாங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். இதன் உறவான ஆஸ்திரேலிய நுரையீரல் மீனுக்கு ஒரே நுரையீரல், செவுளை வைத்தே பெரும்பாலும் சமாளிக்கும். சிகாகோ ஷெட் அக்வேரியத்துக்கு 1933-இல் வந்த ஒன்று 2017 வரை அங்கே இருந்தது. அதைப் படித்த அன்றே, எனக்குப் பின் தொட்டியை யார் பார்ப்பது என்று மகளிடம் பேசினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் இறால் போடுகிறாள்.