தைல மரக் கன்றின் இலையைச் சோதித்தே கட்டையின் தரத்தைச் சொல்ல முடியுமா?

ஆலங்குடி விவசாயி:
புதுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணில் தைல மரம் போட்டிருக்கிறேன். அடுத்த நடவுக்கு விசாரித்தபோது, இலையில் டிஎன்ஏ பார்த்தே கட்டை எப்படி வரும் என்று சொல்லிவிடுகிறார்கள் என்றார் ஒருவர். உண்மையா? வெட்டும்வரை காத்திருக்காமல் கன்றிலேயே பொறுக்கிவிடலாமா?

மரக்கூழ்:
வணக்கம் அண்ணே. கட்டையின் அடர்த்தியும், இழைகளைப் பசைபோல ஒட்டிப் பிடிக்கும் லிக்னினும் அளப்பதுதான் என் வேலை. நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை.

நெல்லில் தூய வரிசைகளைக் கலந்து, இரண்டாம் தலைமுறையில் மரபணு வரைபடம், அதாவது குரோமோசோமில் எது எங்கே இருக்கிறது என்ற படம், போடுவார்கள். மரத்தில் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆனால் தைல மரத்தில் தாயும் தகப்பனுமே கலப்பானவை என்பதால், முதல் தலைமுறைப் பிள்ளைகளிலேயே குணங்கள் பிரிந்து தெரியும். 1994இல் கிராட்டபாக்லியா, செடராஃப் என்ற ஆய்வாளர்கள் இதை வைத்துத்தான் கிராண்டிஸ், யூரோஃபில்லா என்ற இரண்டு தைல மர இனங்களுக்கும் தனித்தனி வரைபடம் போட்டார்கள். அப்புறம் அடர்த்தியும் லிக்னினும் எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தோடு ஒட்டி வருகின்றன என்று பலரும் தேடினார்கள்.

இடங்கள் கிடைத்தன. ஆனால் அடர்த்தியைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். நூறு, இருநூறு பிள்ளைகளை மட்டும் வைத்துத் தேடினால் அந்தத் துளி பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும். ஒரு குடும்பத்தில் பலித்த மார்க்கர், அதாவது குணத்தோடு ஒட்டி வரும் டிஎன்ஏ அடையாளம், இன்னொன்றில் பலிக்காமல் போவதும் உண்டு. 2005இல் நைட்டன்ஸ் என்ற தைல மர இனத்தில், லிக்னின் உருவாக்கத்தில் பங்குள்ள சிசிஆர் என்ற மரபணுவுக்கும் செல்சுவர் நுண்ணிழைகளின் சாய்வுக்கும் தொடர்பு காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. அதுவும் மொத்த வேறுபாட்டில் சிறு பங்கைத்தான் விளக்கியது. இப்போது ஆயிரக்கணக்கான மார்க்கர்களைச் சேர்த்துக் கணிக்கிறார்கள். அதற்கும் முதலில் வளர்ந்த மரங்களை அளந்திருக்க வேண்டும்.

ஆலங்குடி விவசாயி:
சரிங்க. நான் வாங்கப்போவது குளோன் கன்று, ஒரே தாய் மரத்தின் குச்சியிலிருந்து வளர்த்தது. அதில் பார்க்கலாமா?

மரக்கூழ்:
தேவையில்லை அண்ணே. ஒரே குளோன் என்றால் எல்லாக் கன்றுக்கும் ஒரே மரபணுதான், பொறுக்க ஒன்றுமில்லை. வித்தியாசம் வந்தால் மண், தண்ணீர், இடைவெளியால் வருவது. இந்தச் சோதனை புதுக் குளோன் உருவாக்குகிறவர்களுக்கு உரியது.

நாற்றங்கால்காரர்:
ஒரு விஷயத்துக்கு டிஎன்ஏ சோதனை உதவும்: கொடுத்த கன்று சொன்ன குளோன்தானா என்று உறுதிசெய்ய. தட்டு மாறிப்போவது நடக்கிறது. குளோன் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மரக்கூழ்:
ஆமாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டன் கணக்கில் விற்கும்போது அடர்த்தி கூடினால் உங்களுக்கும் லாபம். லிக்னின் குறைந்தால் அதைக் கரைக்கும் ரசாயனச் செலவு மிச்சமாவது காகித ஆலைக்கு மட்டும்தான். அந்தக் குணத்துக்கும் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும்.