2019 ரேங்லர், மேனுவல் கியர்: "ரீகால் எல்லாம் முடிந்துவிட்டது" என்று விற்பவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

கரடுபாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் விற்கப்பட்ட 2019ஆம் ஆண்டு ஜீப் ரேங்லர் ஒன்றை அதன் உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கலாமா என்று யோசித்துவருகிறேன். ஜேஎல் என்று அழைக்கப்படும் தலைமுறை, நான்கு கதவு, ரூபிகான் வகை, 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆறு வேக மேனுவல் கியர். மீட்டர் 40,000 மைல் காட்டுகிறது. உரிமையாளர் சஸ்பென்ஷனை உயர்த்தி, கம்பெனியிலிருந்து வந்த 33 அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு 37 அங்குல டயர்களைப் போட்டிருக்கிறார். கரடுமுரடான பாதைகளில் ஓட்டியதை அவரே மறைக்காமல் சொல்கிறார்.

ரீகால் (பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) பற்றிக் கேட்டபோது, கிளட்ச் தொடர்பான ரீகால் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி, 2021ஆம் ஆண்டு தேதியிட்ட டீலர் ரசீது ஒன்றைக் காட்டினார். இந்த ரசீதை வைத்து விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதே என் முதல் கேள்வி. இந்த வகை வண்டிகளில் வேகமாகப் போகும்போது முன்பக்கம் முழுவதும் உதறும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் ரீகால் இருந்ததா, அது சரிசெய்யப்பட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இத்தனை ரீகால் வந்த வண்டியை நம்பி வாங்குவது புத்திசாலித்தனம்தானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

சட்டகம் எழுதியது:

அந்த ரசீது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய நிலையை அது சொல்லாது. இந்த வண்டியின் மேனுவல் கிளட்ச் விவகாரம் ஓர் அறிவிப்போடு முடியவில்லை. 2020இல் ஒரு முறை, 2021இல் இன்னொரு முறை, 2023இல் மறுபடியும் என்று அதே குறைபாட்டுக்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2023 அறிவிப்பு 2018 முதல் 2023 வரையிலான மேனுவல் ரேங்லர்களையும், 2020 முதல் 2023 வரையிலான மேனுவல் கிளாடியேட்டர் பிக்கப்களையும் சேர்த்துச் சுமார் 69,000 வண்டிகளைத் தொட்டது. முந்தைய சுற்றில் வேலை முடித்துக்கொண்ட வண்டிகளும் புதிய தீர்வுக்காக மீண்டும் டீலரிடம் போக வேண்டும் என்பதுதான் உங்களுக்கு முக்கியமான செய்தி. ஆகவே அந்த 2021 ரசீது, வேலை ஒரு கட்டம் வரை நடந்தது என்பதற்கு மட்டுமே சான்று.

குறைபாட்டின் தன்மையையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் கண்ணில் பட்டிருக்கும் வண்டி ஓடிய விதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் உராய்வினால், கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் அளவுக்கு மீறிச் சூடாகி உடையக்கூடும்; உடைந்த துண்டுகள் கியர்பாக்ஸ் உறையைப் பிளந்து வெளியே வந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. 2021இல் செய்தது, கிளட்ச் சூடேறுவதாகக் கணித்தால் எஞ்சினின் இழுவிசையைக் குறைக்கும்படி மென்பொருளை மாற்றியதே. பாறையிலும் மேட்டிலும் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்து பழகியவர் கையில், அதுவும் பெரிய டயர்களின் சுமையோடு, ஒரு கிளட்ச் எத்தனை முறை வெந்திருக்கும் என்பதை எந்த ரசீதும் சொல்லாது.

விற்பவரிடம் சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதில்லை; ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் அதை உள்ளிட்டால், இன்னும் செய்யப்படாமல் கிடக்கும் பாதுகாப்பு ரீகால்கள் தெரியும். முடிந்துபோனவை அங்கே தெரியாது. 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய ரீகால்களும், வேற்று நாட்டுச் சந்தைக்கென்று தயாரான வண்டிகளும், அண்மையில் அறிவிக்கப்பட்டு எண்கள் முழுமையாகப் பட்டியலிடப்படாதவையும் பொதுவாக வரா. முடிந்தவற்றின் வரலாறு வேண்டுமென்றால் டீலரின் சர்வீஸ் பிரிவில் அதே எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, ரீகால் பாக்கியிருக்கும் பழைய வண்டியை ஒரு தனிநபர் விற்பதற்கு அங்கே நாடு தழுவிய சட்டத் தடை எதுவும் இல்லை. 35க்கு மேற்பட்ட வண்டிகளை வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் மட்டும், பாக்கி ரீகாலைச் சரிசெய்யாமல் வண்டியை வாடகைக்கு விடக்கூடாது என்ற விதி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் கொடுத்துச் சொந்தமாக வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்புக்கூட இல்லாதது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது.

அச்சாணி எழுதியது:

முன்பக்க உதறல் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் இதில் இரண்டு வெவ்வேறு விஷயங்களை எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, 2018இல் வந்த பாதுகாப்பு ரீகால். முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைக்கும் டிராக் பார் என்ற தண்டு, ஃப்ரேமில் பற்றவைக்கப்பட்ட ஒரு பிராக்கெட்டில் மாட்டப்பட்டிருக்கும். தொடக்ககால ஜேஎல் வண்டிகள் சிலவற்றில் அந்த பிராக்கெட்டின் வெல்டிங் முழுமையாக உருகிச் சேராமல் போனதால், அது ஃப்ரேமிலிருந்து பிரிந்து ஸ்டீயரிங் கட்டுப்பாட்டைப் பாதிக்கலாம் என்று வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உங்கள் வண்டி அந்தத் தொகுதியில் வருகிறதா என்பது சேஸிஸ் எண்ணில்தான் தெரியும்.

இரண்டாவது, 2019இல் உரிமையாளர்களுக்கு அனுப்பப்பட்ட, ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங்கின் அதிர்வை உறிஞ்சும் பாகம்) மாற்றும் அறிவிப்பு. அது வாடிக்கையாளர் சேவை நடவடிக்கை; பாதுகாப்பு ரீகால் அல்ல. ஆகவே அரசுத் தளத்தில் தேடினால் அது வராது. "தளத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே உதறலுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அது வாதமே அல்ல.

மேலும், டேம்பரை மாற்றினால் உதறல் அடங்கும். அதனால் அதன் காரணம் நீங்கியது என்று ஆகாது. முன்னும் பின்னும் ஒரே குழாய் அச்சு கொண்ட வண்டிகளில், ஒரு சக்கரம் பள்ளத்தில் தட்டியவுடன் எழும் அதிர்வு மறு சக்கரத்துக்கும் தாவி, வண்டியை நிறுத்துமளவுக்கு வேகம் குறையும் வரை ஓயாமல் ஆடும். டிராக் பார் புஷ் தேய்வது, போல்ட் தளர்வது, சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் இணைக்கும் மூட்டுகளான பால் ஜாயின்ட் அல்லது டை ராட் எண்டில் ஆட்டம் விழுவது, டயர் பேலன்ஸ் கெடுவது, காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறுவது என்று அதற்குக் காரணங்கள் பல. சஸ்பென்ஷனை உயர்த்தும்போது காஸ்டர் கோணமும் டிராக் பாரின் சாய்வும் இரண்டும் மாறிவிடும். அவற்றைத் திருத்தாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தி, கூடவே கனமான டயரையும் மாட்டிவிட்டு, உதறலை அடக்கத் தடித்த டேம்பர் ஒன்றைப் பொருத்திக் கையைத் துடைத்துக்கொள்பவர்கள் நிறைய. புதிதாய் மின்னும் டேம்பரைப் பார்த்தால் நான் மகிழ்ச்சி அடைய மாட்டேன்; ஏன் மாற்றினீர்கள் என்றுதான் கேட்பேன்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்னொருவரை அழைத்துப் போங்கள். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, எஞ்சினை இயக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டீயரிங்கை அவர் இடமும் வலமுமாகச் சிறிய அளவில் அசைத்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் குனிந்து டிராக் பாரின் இரு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலை பிராக்கெட்டுக்குள் நகர்ந்தால் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது. நகர்வு தெரியாவிட்டாலும், போல்ட்டைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையமோ, அதன் கீழே செந்நிறத் துருப்பொடி வழிந்த கோடோ இருந்தால் அது ஆடிக்கொண்டிருந்த போல்ட். பிராக்கெட் ஃப்ரேமோடு சேரும் விளிம்பில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேறு அப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

கிளட்சுக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. சமதளத்தில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முன், பின் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி) எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

நெடுந்தொலைவு எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரீகால் எண்ணிக்கையை வைத்து நம்பகத்தன்மையை அளப்பதை நான் ஏற்கவில்லை. ரீகால் என்பது உயிருக்கு ஆபத்தான குறைபாட்டுக்கானது. அடிக்கடி பழுதாகி உங்கள் பொறுமையைச் சோதிக்கும் பாகங்கள் பெரும்பாலும் அதில் வருவதே இல்லை.

இந்த 3.6 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பேசப்படும் தொல்லைகள் இரண்டு. ஒன்று, வி வடிவ எஞ்சினின் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் வெடித்து எண்ணெயோ கூலன்டோ கசிவது. கசிவு அந்தப் பள்ளத்திலேயே தேங்கி, பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் பக்கம் சொட்டும்போது, பார்ப்பவர் எஞ்சின் பின் சீல் போய்விட்டதென்று தவறாக முடிவுகட்டக்கூடும். மற்றொன்று, வால்வுகளைத் திறக்கும் ராக்கர் ஆர்ம் தேய்ந்து எஞ்சின் தலைப்பகுதியில் டிக் டிக் என்று கேட்கும் ஓசை. எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். நீங்கள் வரும் முன்பே விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

சிக்னலில் தானாக எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கும் வசதி உள்ள 3.6 வண்டிகளில், பெரிய பேட்டரியைத் தவிர ஃபியூஸ் பெட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு துணை பேட்டரியும் உண்டு. அது செத்துப்போனால் காரணம் புரியாத மின் கோளாறுகள் வரத் தொடங்கும். பெரிய பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வியப்பவர்கள் பலர்.

பாதுகாப்பு விஷயத்திலும் இதே கதைதான்; எல்லாமே ரீகாலில் வந்துவிடுவதில்லை. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்பீட்டுக் கழகம், நான்கு கதவு 2019 ரேங்லரை முன்பக்க ஓரமோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. இரண்டாம் முறை மோதவிட்டபோதும் அதுவே நடந்தது. 2020இல் இந்த முடிவு வெளியானது. இது எந்த ரீகாலிலும் இல்லை, ஆனால் பாதுகாப்பு விஷயம்தான். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியின் ஈர்ப்பு மையம் அதைவிட மேலே இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மீட்டரையும் அப்படியே நம்பாதீர்கள். 33 அங்குலத்திலிருந்து 37 அங்குலத்துக்குப் போனால் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் சுமார் 12 சதவீதம் கூடுகிறது. வண்டியின் கணினியில் டயர் அளவைத் திருத்தாமல் தொடக்கம் முதலே இந்த டயரில் ஓட்டியிருந்தால், 40,000 என்பது உண்மையில் 45,000க்கு அருகில் வரும். வேகமானியும் அதே விகிதத்தில் குறைத்தே காட்டும்.

கரடுபாதை எழுதியது:

மூவருக்கும் நன்றி. சேஸிஸ் எண்ணை வாங்கித் தளத்தில் பார்த்துவிட்டேன். நண்பர் சட்டகம் சொன்னபடியே 2023 கிளட்ச் ரீகால் செய்யப்படாமல் இருக்கிறது. பிராக்கெட் வெல்டிங் பற்றி எதுவும் வரவில்லை. தனக்குக் கடிதமே வரவில்லை என்கிறார் விற்பவர். இடையில் வீடு மாறியதாகவும் சொல்கிறார், அதை நம்பாமலிருக்கக் காரணம் தெரியவில்லை. வண்டியை வாங்கிவிட்டு நானே அந்த வேலையைச் செய்துகொள்வதா, அல்லது முடித்துத் தந்தால்தான் வாங்குவேன் என்று நிற்பதா? உரிமை மாறினால் இலவசம் என்பது போய்விடுமா?

சட்டகம் எழுதியது:

போகாது. ரீகால் உரிமை வண்டியோடு போகிறது, எத்தனையாவது உரிமையாளர் என்பது பொருட்டல்ல. முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை இலவசமாகச் செய்துதர வேண்டும் என்பது சட்டம். 2019 வண்டிக்கு அதில் சிக்கல் இல்லை.

ஆனாலும் விற்பவரே முடித்துத் தரட்டும் என்றுதான் சொல்வேன். பணம் காரணமல்ல. உதிரிபாகம் வரக் காத்திருக்க நேர்ந்தால், அந்த இடைவெளியில் கிளட்ச் அபாயமுள்ள வண்டியை ஓட்டும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. அதோடு, கிளட்ச் பகுதியைத் திறக்கும் டீலரிடம், பிரஷர் பிளேட் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்த்து எழுதித் தரும்படி விற்பவர் மூலமாகவே கேட்டுக்கொள்ளலாம். முன்பதிவு செய்யும்போதே சஸ்பென்ஷன் உயர்த்திய வண்டி, 37 அங்குல டயர் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். கொண்டுபோய் நிறுத்திய பிறகு லிஃப்டில் ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பினால் எல்லோருக்கும் ஒரு நாள் வீண். ரசீதில் 2023 ரீகாலின் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணை மறுபடி தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு உங்கள் பெயருக்கு மாறியதும் தயாரிப்பாளரிடம் உங்கள் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

அச்சாணி எழுதியது:

ஒரே ஒரு சேர்க்கை. கியர்பாக்ஸ் இறக்கியிருக்கும்போது அதன் உறையில் வெடிப்போ ஒட்டுப்போட்ட தடமோ இருக்கிறதா என்றும் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்து மூடிவிட்டால் அதைப் பார்க்க வழியில்லை.