போடிமெட்டு ஏற்றத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க வேண்டுமா?

கேள்வி: சாரல்வழி

வணக்கம். போடிநாயக்கனூரிலிருந்து பூப்பாறைக்கு வாரம் இருமுறை முன்சக்கர இழுவை கொண்ட காரில் சென்று வருகிறேன். சென்ற வாரம் சாரலில், போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளுள் ஒன்றில், முன்னால் நின்றுவிட்ட லாரிக்காக நானும் நிறுத்தி மீண்டும் கிளப்பியபோது, கார் படத்தின் கீழ் நெளிகோடுகள் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் இன்ஜின் முனகியதே தவிர வண்டி ஏறவில்லை. மலைப்பாதையில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை, அதாவது சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் வசதியை, அணைத்துவிட்டே ஓட்ட வேண்டும் என்று பின்னால் வந்த ஜீப் ஓட்டுநர் கூறினார். அது சரியா?

மறுமொழி: பட்டறைவாசல்

ஐயா, விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அந்த அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் பழுது, அல்லது யாரோ அதை அணைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்காகச் சக்கரங்களில் வைத்திருக்கும் வேக உணரிகளையே இதுவும் பயன்படுத்துகிறது. கொண்டை ஊசி வளைவில் சாலை முறுக்கிக்கொண்டு ஏறுவதால் முன்சக்கரங்களில் ஒன்று இலேசாகவே தரையில் பதியும். ஏற்றத்தில் பாரமும் பின்பக்கம் போய்விடும். எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதன் பக்கமே டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) விசையை விரயமாக்கும் என்பதால், அமைப்பு அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மற்றதற்கு விசையைத் திருப்புகிறது. கூடவே இன்ஜினின் விசையையும் குறைக்கிறது. நீங்கள் மேலும் மிதிக்க மிதிக்க அது மேலும் குறைத்தது, அவ்வளவுதான்.

ஈரத் தார்ச்சாலையில் அதை அணைத்தால் சக்கரம் வீணாகச் சுழன்று, திடீரென்று பிடி கிடைக்கும் நொடியில் வண்டி வெட்டி இழுக்கும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் கியரில், ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி, ஸ்டீயரிங்கை முடிந்தவரை நேராக்கி, கிளட்சை மெதுவாக விட்டு, விளக்கு சிமிட்டினால் காலைச் சற்றுத் தளர்த்துங்கள். அதைவிட நல்லது, முன்னால் லாரி இருந்தால் அது வளைவைக் கடக்கும்வரை கீழேயே காத்திருப்பது.

மறுமொழி: ஏலக்காட்டுப் பாதை

ஜீப் ஓட்டுநர் சொன்னது முழுக்கத் தவறில்லை; அவர் சொன்ன இடம்தான் தவறு. ஏலத்தோட்டத்து மண்பாதையில் சேறு மிதந்து சக்கரம் புதைந்துவிட்டால், சேற்றை வாரி எறிந்து அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொடுவதற்குச் சக்கரம் சுழன்றாக வேண்டும். அப்போது விசையைக் குறைக்கும் இந்த வசதி இடைஞ்சலே. நான் அணைப்பதும் அங்கு மட்டும்தான், தார் வந்ததும் மீண்டும் போட்டுவிடுவேன். பல கார்களில் அந்தப் பொத்தானை அழுத்தினால் வளைவில் வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பும் சேர்ந்து முடங்கிவிடும். பழைய தோட்ட ஜீப்புகளில் இவை எதுவுமே கிடையாது என்பதால், அவர் தம் கால் பழக்கத்தையே உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

மறுமொழி: இறக்கம்

இரு பெரியவர்களும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். போடிப் பக்கம் இறங்கும்போது இது உங்களுக்கு ஏறக்குறைய உதவாது. சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுப்பதே இதன் வேலை, வண்டியை நிறுத்துவதல்ல. இரண்டாம் கியரில் இன்ஜின் இழுவையோடு இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். டயரையும் பாருங்கள்: சட்டப்படி பட்டன் (டயர் மேற்பரப்பின் வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றாலும், மழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே நான் நம்ப மாட்டேன். மொட்டை டயரில் எந்த மின்னணுக் கருவியும் பிடியை உண்டாக்க முடியாது.

சாரல்வழி

மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்ததில் முன்டயர்கள் இரண்டிலும் பட்டன் 2 மில்லிமீட்டர்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். நேற்றும் நல்ல சாரல். லாரி திரும்பும்வரை வளைவுக்குக் கீழே நின்றேன். விளக்கு ஒருமுறை சிமிட்டியது, காலைத் தளர்த்தியதும் வண்டி ஏறிவிட்டது.